காலையில் மருந்து, மாலையில் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த அவளுக்குப் பெயரே ‘கடிகாரம்’. எலியின் கழுத்து ரத்தக்குழாயை எத்தனை நிமிடம் அடைத்தாள், எடுத்த மூளை திரவ நைட்ரஜனில் எத்தனை நொடியில் உறைந்தது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். உறையத் தாமதமானால், ரத்தம் நின்ற மூளை தன் கையிருப்புச் சர்க்கரையை எரித்துத் தீர்த்து லாக்டிக் அமிலத்தை ஏற்றிக்கொள்ளும்.

ரத்த அழுத்த மருந்து கொடுத்த எலிகளுக்கு, வெறும் தண்ணீர் கொடுத்தவற்றில் பாதி அளவு அமிலம்தான் ஏறியிருந்தது. மூன்று வருஷம் இதற்காகக் காத்திருந்த, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை மாநாட்டில் அதைச் சொல்லப்போகிறார்.

புதன்கிழமை பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். மருந்து எலிகள் எல்லாம் காலையில். வெறும் தண்ணீர் கொடுத்தவை எல்லாம் மாலையில். குப்பிகள் மாறிவிடக் கூடாதே என்று அவளாகவே வகுத்த ஒழுங்கு. காலையில் நைட்ரஜன் குடுவை தளும்பும். மாலைக்குள் ஆவியாகி நாலு விரல்கூட நிற்காது, மூளை சரியாக முழுகாது. அதையும் அவளே எழுதியிருந்தாள்: உறைய, காலை எட்டு நொடி, மாலை இருபது. எழுதினாளே தவிர ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. அமிலம் குறைந்தது மருந்தாலா, குடுவையாலா?

டாக்டரம்மா உள்ளே வந்தார். “கடிகாரம், நன்றி சொல்ற பக்கத்துல உன்னைத்தான் முதல்ல போட்டிருக்கேன். ஒரு நொடி பிசகாதுன்னு எழுதட்டுமா?”

“நேரம் பார்க்காம தும்மக்கூட மாட்டா மேடம்,” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நோட்டை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

“மேடம், சீட்டுக் குலுக்கி வரிசையைக் கலக்கச் சொன்னீங்க. நான் கலக்கல.”

“ஏன்?”

“குழம்பிடுவேனோன்னு பயம். என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல.”

டாக்டரம்மா நோட்டை வாங்கினார். அவர் விரல் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப மருந்து வேலை செய்யுதா இல்லையா?”

“தெரியல மேடம்.”

“மாநாட்டுக்கு வரலன்னு சொல்லிடறேன். மொத்தம் எத்தனை எலி?”

“நாற்பத்திரண்டு.”

“மறுபடியும் நாற்பத்திரண்டு,” என்றார் டாக்டரம்மா, ஜன்னலைப் பார்த்து.

அவள் காகிதத்தை நாற்பத்திரண்டு சீட்டாக நறுக்கி, பாதிச் சீட்டுகளில் மருந்து என்றும் மீதியில் தண்ணீர் என்றும் எழுதி மடித்தாள். காலி டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். தன் கை எடுக்கக் கூடாது என்று பட்டது. தலை குனிந்தபடி டப்பாவை நீட்டினாள்.

“நீங்களே எடுங்க மேடம்.”