இரண்டு பக்கமும் லீவர்

சுடுதளம் ஜெர்மன் நகரமான எசனின் ஓரத்தில், பணவண்டிகள் நிற்கும் கொட்டகைக்குக் கீழே இருந்தது. படியிறங்கும் இடத்து வாங்கில் காலை ஏழரையிலிருந்து ஐந்து பேர் காதுக்கவசத்தைக் கழுத்தில் மாட்டியபடி காத்திருந்தார்கள். நாலு ஆண்கள், ஐந்தாவது ஆள் வேணுஜா. பணத்துக்குக் காவலாக ஆயுதத்தோடு வண்டியில் போகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இங்கே சுட்டுக் காட்ட வேண்டும். மார்ச்சில் அவள் தவறிவிட்டாள். இது இரண்டாவது, கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் திங்கட்கிழமையிலிருந்து காசு எண்ணும் கூடம். அங்கே வேலை இரவில்தான். நாலு வயது மகள் கம்சனாவை இரவில் யாரிடமும் விட அவளுக்கு வழியில்லை.

மார்ச்சில் குறி தப்பவில்லை, நேரம்தான் தப்பியது. நிறுவனம் கொடுத்திருந்த புதிய பிஸ்டலில் பாதுகாப்பு லீவர் இடப்பக்கத்தில் மட்டும் இருந்தது. அதைக் கீழே தள்ளினால்தான் வெடிக்கும். வலக்கையால் பிடிப்பவருக்கு அது பெருவிரலுக்கு நேராக வரும். வேணுஜா இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா அகப்பைக் காம்பால் தட்டித் தட்டிச் சோற்றை வலக்கைக்கு மாற்றினாள். பேனையை மட்டும் வுப்பர்டால் நகரத்துப் பள்ளிக்கூடம் இடக்கையிலேயே விட்டுவிட்டது. பிஸ்டலும் பேனையோடு சேர்ந்துகொண்டது. லீவரைத் தள்ள அவள் பிடியைத் தளர்த்தி மற்றக் கையைக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மூன்று வினாடி முடிந்து இலக்குத்தாள் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

ஆயுத அறையில் பழைய பிஸ்டல்கள் மூன்று கிடந்தன. அவற்றில் லீவர் இரண்டு பக்கமும் இருந்தது. அதில் ஒன்றைத் தரும்படி ஆறு கிழமைக்கு முன்னர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. இன்று காலை பயிற்சியாளர் பிராண்ட் பழைய பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

வாங்கில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தடித்த பிடி, பெட்டி மாதிரி மேற்பகுதி, இருபுறமும் காதுபோல லீவர். இதைச் செய்தவன் முன்பு குளிர்பதனப் பெட்டி செய்திருப்பான் என்றார் வெர்னர். லீவரே இல்லாத பிஸ்டல்தான் நல்லது, பயத்தில் பெருவிரல் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றார் இன்னொருவர். வெர்னர் ஒத்துக்கொள்ளவில்லை. லீவர் இல்லாவிட்டால் உறையில் வைக்கும்போது என் தொடையிலேயே எப்போதோ சுட்டிருப்பேன் என்றார்.

வேணுஜாவின் வண்டியை ஓட்டும் கஜரூபன் அவள் பக்கம் சரிந்தார்.

"தலைமயிர் காய வைக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

"சிரியுங்கோ அண்ணை. உங்களுக்கு எது வடிவு?"

"வடிவான துவக்கெண்டு ஒண்டை நான் இன்னும் காணேல்லை." அவர் லீவரைச் சுட்டிக்காட்டினார். "தெரியாமல் வெடிக்காதது எதுவோ, அதுதான் வடிவு."

முதலில் வெர்னர் சுட்டார். எட்டில் ஆறு. தேறுவதற்கு அது போதும்.

மற்றவர்களும் சுட்டு முடித்தபின் வேணுஜா கோட்டில் நின்றாள். தாள் திரும்பி முகம் காட்டியது. உறையிலிருந்து எடுத்தாள், இடப் பெருவிரல் லீவரைக் கீழே தள்ளியது, இரண்டு வெடி. தாள் திரும்புவதற்குள் பெருவிரல் லீவரை மேலே ஏற்றிவிட்டது. இப்படி நாலு முறை. பிராண்ட் தாளைக் கொண்டுவந்து விளக்கின் கீழ் பிடித்தார். எட்டும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. அவர் எட்டு என்று எழுதியபோது படியில் காலடி கேட்டது. வந்தவர் பிரிவுத் தலைவர் ஹோல்ஷர்.

மேசையில் கிடந்த பிஸ்டலைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. இந்த மாத முடிவில் இவை போய்விடும் என்றார். கட்டடவேலைக் கருவிபோன்ற ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டு நகைக்கடைக்குள் ஆளனுப்ப முடியாது. எல்லாரிடமும் ஒரே பிஸ்டல், ஒரே உறை இருக்க வேண்டும். வேணுஜா தன் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டாள். அது பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். போன வருடம் வெர்னரின் விரல் விறைத்துப்போனபோது அவருக்காக மட்டும் விசையைத் தளர்த்திக் கொடுத்தீர்களே என்றாள். வெர்னர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அது வெளியே தெரியாத மாற்றம் என்றார் ஹோல்ஷர். அவர் குரல் கடைசிவரை மரியாதையாகவே இருந்தது.

பிராண்ட் மெதுவாக, நேரமும் குறியும் சரியாகத்தானே இருக்கின்றன என்றார். ஹோல்ஷர் சிவப்புப் பேனையை அவர் பக்கம் நகர்த்தினார். பிராண்ட் தாளின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதி, மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

புதிய பிஸ்டலால் அவள் மறுபடியும் சுட்டாள். முதல் முறை ஒரு வெடிதான் போனது, தாள் திரும்பிவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவதில் இரண்டும் பட்டன. நாலாவதில் ஒன்று. ஐந்து. ஒன்று குறைவு. ஹோல்ஷர் கைகொடுத்துவிட்டு, திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு எண்ணும் கூடத்துக்கு வரச்சொல்லிப் படியேறினார்.

பிராண்ட் வெர்னரின் தாளில் துளையிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். வேணுஜா குனிந்து கூடைக்குள்ளிருந்து தன் தாளை எடுத்தாள். பிராண்ட் நிமிரவில்லை.

"விடும் பிள்ளை," என்றார் கஜரூபன். "இவங்களோட மல்லுக்கட்ட ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ, கேக்கத்தானே வேணும். மேல பெட்ரீப்ஸ்ராட் அறையை ரெண்டு மணிக்குத்தான் திறப்பினம். நான் இருந்து கதைச்சிட்டு வாறன்."

"மூண்டு மணிக்கு மகளைப் பாலர் பள்ளியிலயிருந்து எடுக்க வேணுமெல்லே?"

"நீங்கள் ஒருக்கா எடுத்துவிடுங்கோ, அண்ணை. உங்கட பேர் அங்க குடுத்துத்தான் கிடக்கு."

அவர் தலையாட்டினார். போகும்போது தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த வெண்ணெய் பூசிய பாதிப் பாணை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மேல்மாடியில் தொழிலாளர் பிரதிநிதிகளான பெட்ரீப்ஸ்ராட்டின் அறை பூட்டிக் கிடந்தது. மணி பத்தே முக்கால். எதிரே இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து, மடிப்பு விழுந்த தாளை மடியில் விரித்து இடக்கையால் தடவி நேராக்கினாள். சிவப்பு எழுத்துக்களுக்கு நடுவே எட்டுத் துளைகளிலும் அவளுடைய சீருடையின் நீலம் தெரிந்தது.