கை கொடுத்துவிட்டு எழுந்தவன்

பரிதி செஸ்ஸில் தோற்பதுகூடப் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று தஞ்சாவூரில் நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் மனுஷனைக் கெடுத்தது. ஆட்டம் கைமீறிப் போகிறது என்று தெரிந்த நிமிஷமே கடிகாரத்தை நிறுத்துவான். எதிரே இருப்பவருக்குக் கை கொடுப்பான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய் டீ குடிப்பான். ராஜாவை மூலைக்கு விரட்டி மடக்கும் பாக்கியத்தை இருபது வருஷமாக அவன் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய தாத்தா பண்ணைக் களத்தில் கூலி நெல்லுக்காகப் பொழுதெல்லாம் குந்தியிருந்துவிட்டு, விரட்டிய பிறகு எழுந்து வந்தவர். அதைப் பார்த்து வளர்ந்த அப்பா, பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எழுந்து போடா என்று ஒருத்தன் சொல்கிறவரைக்கும் எங்கேயும் உட்கார்ந்திருக்காதே. மூத்தவன் பரிதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். படித்தான், ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் ஆனான், தஞ்சாவூரிலேயே வீடு பார்த்துக்கொண்டான். இளையவன் அறிவுச்செல்வனுக்கு அந்தப் பாடம் ஏறவே இல்லை. வலங்கைமானுக்கு அந்தப் பக்கம், ஊரிலேயே இருந்துகொண்டு நாலு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டான். அண்ணனோடு செஸ் ஆட உட்கார்ந்தால் ஒற்றை ராஜாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓடுவான். "செக்மேட்டு ஆகலல்ல? அப்ப ஆடு" என்பான். பரிதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம் ஒன்றில் மாவட்டப் போட்டி. நாலாவது சுற்றில் அனுராதா என்று ஒரு கல்லூரிப் பெண்ணோடு பரிதி ஆடினான். அவளுடைய சிப்பாய் ஒன்று ராணி ஆவதற்கு இன்னும் ஒரே கட்டம். பரிதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்த வழியில்லை. கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தான். அந்தப் பெண் கையைப் பிடித்தபடி முழித்தாள்.

"சார், ஏன் சார் ரிசைன் பண்ணீங்க? நீங்கதானே சார் ஜெயிக்கிறீங்க!"

காட்டினாள். பரிதியின் யானையை அவள் ராஜா பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அவள் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினால் அவள் ராஜா தன் ஆட்களுக்கு நடுவிலேயே அடைபட்டுவிடும். அடுத்து குதிரை ஒரு தாவல், ஆட்டம் முடிந்தது. இரண்டே இரண்டு நகர்த்தல். மேசையைச் சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பரிதி சிரித்துக்கொண்டே, "கை குடுத்தாச்சு, விடும்மா" என்றான். சிரிக்கிற விஷயமா அது? கையில் வெற்றியை வைத்துக்கொண்டு எழுந்து வந்தவன், அந்த ஒரு கணமாவது வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? வெட்கப்பட்டிருந்தால் பின்னால் வந்தது வந்திருக்காது என்று இப்போது அவனுக்கே தோன்றுகிறது.

மூன்றாம் நாள், புதன்கிழமை விடியற்காலை, அறிவுச்செல்வனைக் கட்டுவிரியன் கடித்தது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வருவதற்காக ஆறு நாளாகக் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயில் படுத்துக்கிடந்தான். எலிக்கு வந்த பாம்பு. கடிபட்டது அவனுக்கே தெரியவில்லை. வயிறு வலிக்கிறது என்றான், பிறகு இமை தூக்க முடியவில்லை என்றான். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மூச்சு நின்றுபோகும் நிலை. தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட்டார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள்.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. அறிவு அசையவில்லை. கிள்ளினாலும் அசைவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணி அப்படியே நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் ரசியா பேகம், நாகூர்க்காரர், சின்ன வயசு. அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டுவிரியன் கடி இப்படித்தான் சார் இருக்கும். செத்த மாதிரியே தெரியும். விஷம் நரம்பைக் கட்டிப்போட்டிருக்கு, அவ்வளவுதான். மூளைக்கு ஒண்ணும் ஆகல. அவருக்கு எல்லாம் கேக்கும் சார், பக்கத்துல உக்காந்து பேசுங்க."

"பொழைக்க எத்தன பர்சன்ட் சான்ஸ், டாக்டர்?"

"நம்பர்லாம் சொல்ல முடியாது சார். இன்னும் நாலஞ்சு நாள் பொறுங்க. மெஷினை மட்டும் எடுத்துடாதீங்க."

நம்பர் சொல்ல முடியாது. பரிதிக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லூரியில் லீவு கேட்டு வருகிறவனிடம் முதல்வர் 'பார்க்கலாம்' என்பாரே, அந்த ரகம் என்று எடுத்துக்கொண்டான். எந்த டாக்டர்தான் முகத்துக்கு நேராகச் சொல்வார்? நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். இப்படி யோசித்தான் அந்தப் படித்த மேதாவி. டாக்டர் சொன்னதில் நேரான சொற்களை எல்லாம் விட்டுவிட்டுச் சொல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் அறிவின் மனைவி பூவிழி, மகளைப் பார்த்துவிட்டு வர ஊருக்குக் கிளம்பினாள். நாலு நாளாக அந்தப் பெஞ்சிலேயே கிடந்தவள். போகும்போது பரிதியிடம், "மாமா, மேலெல்லாம் சூடாத்தான் இருக்கு. மத்தியானம் வந்துடுறேன். நான் வர்ற வரைக்கும் எதையும் பண்ணிடாதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான்.

அவள் பஸ் பாபநாசத்தைத் தாண்டியிருக்காது. சித்தப்பா இளையபெருமாள் பேச்சை எடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். வேலையை விட்டுவிட்டு வந்து நாலு நாளாகக் கூடவே இருந்தவர்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. இங்கயே போயிட்டான்னா பாம்புக்கடி கேசுன்னு அறுத்துத்தான் குடுப்பாங்க. பொட்டலமாக் கட்டிக் குடுக்குறத எங்க அண்ணி தாங்குவாங்களா? உசுரோட வாசல் சேத்துடணும்டா. பெத்தவ கையால ரெண்டு சொட்டுப் பாலாவது எறங்கணும்."

ஊரில் அதுதான் வழக்கம். இனி இல்லை என்றானவரை மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், வாசலில் கிடத்திப் பால் ஊற்றுவார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பரிதியின் முகத்தைப் பார்த்தார்கள். எட்டு நகர்த்தல் முன்னாலேயே பார்க்கிறவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று தம்பியைப் பார்த்தான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம். வாயில் குழாயும் பிளாஸ்திரியுமாகக் கிடக்கும் அவனை ஊரார் வந்து வந்து எட்டிப் பார்ப்பது பொறுக்கவில்லை. தானே போய்க் கையெழுத்துப் போட்டான். டாக்டர் ரசியா பேகம் தாளைப் பிடுங்காத குறை. "சார், இது அவசரப்படுற கேஸ் இல்ல சார். என் பேச்சக் கேளுங்க" என்றார். "நீங்க உங்களால முடிஞ்சதப் பண்ணிட்டீங்க டாக்டர், ரொம்ப நன்றி" என்று பரிதி கைகூப்பினான். 'டாக்டர் சொல்லியும் கேளாமல் அழைத்துப் போகிறோம்' என்று தமிழில் எழுதச் சொன்னார்கள். அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தான்.

பூவிழிக்குப் போன் போட்டது சித்தப்பாதான். "கொண்டாரோம்மா, நீ அங்கேயே இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆம்புலன்ஸில் தலைமாட்டில் மருதையன் என்ற உதவியாளர் உட்கார்ந்து, குழாயில் மாட்டிய காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். அவர் அமுக்கினால் அறிவின் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். எதிரே பரிதி. சித்தப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள், நடுநடுவே இன்னும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பரிதியின் போன் ஓயவில்லை. ஊரிலிருந்து பங்காளி ஒருத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று பரிதி கத்தித்தான் பேசினான். "ஷாமியானா ரெண்டு போதும்... ஐஸ் பெட்டிக்கு வலங்கைமான்ல சொல்லிடுங்க... ஆமா, குழி வெட்ட ஆளுக்குச் சொல்லுங்க... இல்லல்ல, நாளைக்கு வேணாம், சாயங்காலமே எடுத்துடலாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மருதையன் அவன் முழங்காலைத் தட்டினார்.

"சார். கால் வெரல் ஆடுது பாருங்க."

பரிதி குனிந்து பார்த்தான். வலது காலின் கட்டைவிரல். வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சும்மாதான் இருந்தது. பிறகு மெல்ல உள்பக்கம் மடங்கியது, நிமிர்ந்தது.

"நாலு நாளா ஆடலன்னீங்களே! திருப்பச் சொல்லட்டுமா சார்? இன்னும் பாபநாசம்கூட வரல. அர மணி நேரத்துல போயிடலாம்."

திருப்பு என்ற சொல் பரிதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐயோ, அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! ஆனால் அவன் என்னென்னவோ யோசித்தான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. திரும்பப் போய் அந்தப் பெண் டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். ஊரில் பந்தல் போட்டாயிற்று, ஐஸ் பெட்டி கிளம்பியிருக்கும். திரும்பிப் போய், இரண்டு நாள் கழித்துப் பொட்டலமாகக் கொண்டுவந்தால்? படித்தவன், ஒரு விரல் ஆடியதற்காக ஊரையே அலைக்கழித்தான் என்பார்கள். நம்பிக்கை வைத்து ஏமாந்தவன் என்று பெயர் வாங்குவதைவிட வேறு எதையும் தாங்கிக்கொள்ளும் பிறவி அவன்.

"அது வெறும் நரம்புங்க. அறுத்த ஆட்டோட காலுகூடத்தான் துடிக்கும்" என்றான். "நீங்க போங்க."

மருதையன் பையை அமுக்கினார். வலங்கைமான் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றபோது விரல் இன்னொரு தடவை மடங்கி நிமிர்ந்தது. இந்த முறை மருதையன் சொல்லவில்லை. பரிதி பார்த்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசலில் கட்டிலில் இறக்கினார்கள். மருதையன் அமுக்குவதை நிறுத்தவில்லை. "நான் விடமாட்டேன் சார். என் கையால முடியாது" என்றார். பூவிழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து புருஷன் நெஞ்சில் கையை வைத்தாள். "அடிக்குதே! நல்லா அடிக்குதே! யாரு கொண்டாரச் சொன்னது?" என்று அலறினாள். நாலைந்து பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா கண்ணாத்தாள் பால் டம்ளரோடு நின்றாள். எல்லாரும் பரிதிக்காகக் காத்திருந்தார்கள். பரிதி முன்னால் வந்து மருதையன் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான்.

அறிவின் கண்ணோரத்தில் ஈரம் வழிந்தது. பாம்புக்கடிக்கு அப்படித்தான் வழியும் என்று யாரோ சொன்னார்கள். ஆறேழு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. சாயங்காலமே எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பூவிழி தஞ்சாவூர் போனாள், இறப்பைப் பதிய ஆஸ்பத்திரியில் சிகிச்சைத் தாள் ஏதோ வாங்க. மத்தியானம் நேராகப் பரிதியின் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தான், குடிக்கவில்லை.

"அந்த டாக்டரம்மாவப் பாத்தேன்" என்றாள். "அதே கட்டுவிரியன் கடி, திருவையாத்துக்காரரு ஒருத்தரு, உங்க தம்பி படுத்திருந்ததுக்குப் பக்கத்துக் கட்டில்ல. எட்டு நாள் பொணமா கெடந்தாராம். முந்தாநாள் நடந்து வீட்டுக்குப் போயிட்டாரு."

பரிதி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மொதல்ல கட்டைவெரல்தான் அசையுமாம். அவரு வீட்டம்மா டாக்டரம்மாகிட்டச் சொன்னாங்களாம். உள்ள இருந்தப்ப யாரு என்ன பேசினாங்கன்னு ஒண்ணு விடாம இப்பச் சொல்றாராம்." அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "வழியெல்லாம் நீங்கதான மாமா கூட வந்தீங்க. கடைசியா அவருகிட்ட என்ன பேசினீங்க? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிடுறேன்."

பொய் சொல்ல எத்தனை வழி இருந்தது! தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு வந்தேன் என்றிருக்கலாம். பயப்படாதேடா என்றேன் என்றிருக்கலாம். அவளும் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாளோ என்னவோ. பரிதிக்குப் பொய் வரவில்லை.

"அவன்கிட்டப் பேசல பூவிழி. ஐஸ் பெட்டிக்குச் சொல்லிக்கிட்டு வந்தேன். குழி வெட்டச் சொன்னேன். சாயங்காலமே எடுத்துடலாம்னு சொன்னேன்." பரிதி தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லிக்கிட்டு இருந்தப்பவே கட்டைவெரல ஆட்டினான். நான் பாத்தேன்."

பூவிழி அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"எத்தன தடவ?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ" என்றான் பரிதி.