மேகத்தில் ஏறிய கேள்வித்தாள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் கணினிப் பழுதுக்காரர். என் கணினியில் கூடவே பிறந்த, கோப்புகளை இணையத்தில் ஏற்றிவைக்கும் மேகச் சேமிப்பு மென்பொருளைக் கழற்ற வந்தவர், வேலையோடு வேலையாகச் சொல்லிவிட்டுப் போனார். வாராவாரம் தொடர் எழுதும் கை, சும்மா இருக்குமா?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'வீட்டைக் கிழித்தது ஓர் அலறல்! கணக்கு டீச்சரின் முகம் வெளிறி, உதடுகள் —'

வேண்டாம். டீச்சர் அலறவே இல்லையாம். (அலறியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.)

2

நடந்தது இதுதான். டீச்சர் இறுதித் தேர்வுக் கேள்வித்தாளைத் தன் கணினியில் அடித்தார், முகப்புத் திரையிலேயே வைத்தார். அச்சுக்கும் கொடுத்தாயிற்று. ஞாயிறு மதியம் மகளின் அறைக்குப் போனால், மகளின் மடிக்கணினியில் அதே கோப்பு, அதே பெயரில். மகள் படிப்பது அதே பள்ளி, அதே வகுப்பு. மறுநாள் ஒன்பதுக்குத் தேர்வு.

யாரும் திருடவில்லை. மகளுக்கு மடிக்கணினி வாங்கியபோது, தனி மேகக் கணக்கு திறக்கச் சோம்பல்பட்டு டீச்சர் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தார். ஒரே கணக்கென்றால் ஒரு கணினியில் வைத்ததை மற்றதிலும் கொண்டுபோய் வைக்கும் மென்பொருள், தன் கடமையைச் செய்தது. டீச்சர் பழுதுக்காரரை வரவழைத்தார்.

3

"தூக்கி வெளியே போடுங்க அதை!"

"இருங்க டீச்சர். முதல்ல எல்லாத்தையும் இங்க இறக்கிக்கணும். இல்லேன்னா பேரு மட்டும் நிக்கும், உள்ளே காத்துதான்."

இறக்கினார். இரண்டு கணினியிலும் கணக்கைத் துண்டித்தார். மென்பொருளை நீக்கினார். மகளிடமிருந்த பிரதியையும் அழித்தார்.

"அவ திறந்து பாத்தாளான்னு தெரியுமா?"

"ரெண்டுலயும் உங்க கணக்குதானே? யார் திறந்தாலும் நீங்க திறந்ததாத்தான் காட்டும்."

தலைமையாசிரியையிடம் சொன்னால் தாள் மாறும். கூடவே மகளின் பெயரும் நாறும். சொல்லாவிட்டால், மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகள்?

4

இந்த மகள்தான் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறாள். கள்ளியாக்கி எழுதினேன், கோடு போட்டு அடித்தேன். பால் வடியும் முகமாக்கினேன், அதையும் அடித்தேன். கடைசியில், பழுதுக்காரர் காதால் கேட்டதை அப்படியே வைத்துவிட்டேன்.

"பாத்தியாடி?"

"பாத்தேன்னு சொன்னா உடனே நம்பிடுவ. பாக்கலைன்னு சொன்னா நம்புவியாம்மா?"

அத்தோடு பழுதுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாராம்.

"ஓர் அஞ்சு நிமிஷம் செருப்பைத் தேடியிருக்கக் கூடாதாய்யா?" என்றேன்.

"உங்க வீட்டுலன்னா தேடியிருப்பேன் சார்!"

5

டீச்சரை 'நம்புறேன்டி' என்று சொல்ல வைத்தேன். அடுத்த வரியிலேயே, தலைமையாசிரியையை அழைக்க அவர் கை தொலைபேசிக்குப் போனது. 'நம்பலை' என்று மாற்றினேன். மகளே தொலைபேசியை எடுத்து நீட்டினாள், 'இந்தா, சொல்லு' என்று. எந்தப் பதிலை எழுதினாலும் ஒருத்தி உடைகிறாள்.

[இங்கே ஒரு திருப்பம் வேண்டும்: தேர்வு ஒத்திவைப்பு? மழை?]

மழையை வரவழைக்க எனக்குத் தெரியும். அது தப்பித்தல். செய்யமாட்டேன்.

ஆகவே, டீச்சரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரே உங்கள் மகள், பதிலுக்காக நிற்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.