அய்யாசாமி சிலை போட்ட பூ

‘மதகு மாவீரன்’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நிஜக் கதையைத் தேடி, கொரட்டூர் அடுக்ககவாசியான ஜெகதீஷ் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து செம்பரம்பாக்கம் வந்தான். ஐ.டி. வேலை வயிற்றுக்கு, யூட்யூப் சேனல் மனசுக்கு. படத்தில் நாயகன் உடைந்த ஏரி மதகில் தன் உடம்பையே அடைப்பாக வைத்து, ஊரைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவான். அந்த நிஜ மனிதர் அய்யாசாமிக்கு ஊரில் கோயிலே இருந்தது. சிலைக்கு நடிகரின் மூக்கு, நடிகரின் மீசை.

ஊர்க்காரர்கள் கைகாட்டிய, கோயிலுக்குப் பின்வீட்டில் அந்த மாவீரர் கைலியோடு உட்கார்ந்து பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க... அய்யாசாமி ஐயாவா?" ஜெகதீஷ் செல்போனைக் கீழே இறக்கினான்.

"நான்தான் நைனா. எரும மதகாண்ட போச்சு, புடிக்கப் போனேன், வழுக்கி வுயுந்து மாட்டிக்கினேன். விடிஞ்சதும் இஸ்த்துப் போட்டாங்க. சினிமாக்காரங்கதான் சாவடிச்சுட்டாங்க."

படம் வந்தபோது அவர் வேப்பம்பட்டில் செங்கல் சூளை வேலையில் இருந்தாராம். திரும்பி வருவதற்குள் ஊரே டூரிங் டாக்கீஸில் அழுது தீர்த்துவிட்டுச் சிலையும் வைத்துவிட்டது.

அவர் மனைவி தாயம்மா வெறும் கொண்டையோடு வந்து நின்றார். "எனக்கு ஒரு பூ வைக்க வழி பண்ணு தம்பி. புருசன் பக்கத்துலயே குந்தினுகீறாரு. ஆனா செத்த வீரனோட பொஞ்சாதி பூ வச்சா சாமிக்குத்தம்ன்றானுங்க. படம் வந்தப்போ இவனுங்க எறக்குன பூ, இன்னும் ஏறல."

ஜெகதீஷ் வீடியோவை மறந்தே போனான். நேரே கோயில் தர்மகர்த்தா சம்பத்திடம் போய் எகிறினான்.

"அண்ணாத்தே உசுரோடதான் கீறாரு, ஆரு இல்லன்னது? தெனம் ஒண்ணாத்தான் டீ குடிக்கிறோம்," என்றார் சம்பத் பொறுமையாக. "ஆனா சாமி செத்துட்டாரே. அது வேற. வோணும்னா பூ கேட்டுப் பாத்துடலாம்."

அதாவது, அய்யாசாமி உயிரோடு இருக்கிறாரா என்று அய்யாசாமியிடமே கேட்பது. சிலையின் தலையில் ஈரத்தோடு ஒரு ரோஜாவை வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் ஆமாம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. இந்தக் கூத்துக்கு ஊரே திரண்டது. சாமி கும்பிட்டே பழக்கமில்லாத ஜெகதீஷ் இரண்டு கையையும் கூப்பி வேண்டிக்கொண்டான். அய்யாசாமியும் தன் சிலை முன்னால் நின்று பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூ இடப்பக்கம் விழுந்தது.

"சாமியே சொல்லிட்டப்புறம் நான் இன்னாத்த பேசுறது?" என்று அய்யாசாமி தலையைத் தொங்கப்போட்டார். ஜெகதீஷுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

தாயம்மா யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய்க் குனிந்து, விழுந்த ரோஜாவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். கூட்டம் பதறியது.

"இன்னாத்துக்குப் பதறுறீங்க? செலையா நிக்கிற இவருதான் என் புருசன்னு நீங்கதான சொல்றீங்க? புருசன் போட்ட பூவ பொஞ்சாதி வைக்காம வேற ஆரு வைப்பா?"



அய்யாசாமி மனைவியின் கொண்டையையும் சிலையின் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. ஜெகதீஷின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வண்டிய எடு நைனா. பூந்தமல்லில பூக்கடை தொறந்திருப்பான். இவன் இன்னா என் பொண்டாட்டிக்குப் பூ குடுக்கறது?"