யாருடைய கால்

மஸ்கட்டிலிருந்து வந்த மறுநாள் காலை சுனில்தாஸ் காரை எடுத்துக்கொண்டு அழீக்கோடு வரை போய்விட்டு வந்தான். விசிலடித்துக்கொண்டு புறப்பட்டவன், திரும்பி வந்து வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மனைவி ஸ்மிஜா புட்டுக்குழாயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன ஏட்டா, இறங்கலியா? புட்டு ஆறிடும்."

"இந்த வண்டிய யாருடி ஓட்டினது?"

"யாரு ஓட்டுவா? மெக்கானிக் பைஜு அப்பப்ப வந்து ஸ்டார்ட் பண்ணி வைப்பான். நீங்கதானே அவன்கிட்ட சொல்லிட்டுப் போனீங்க?"

"ஸ்டார்ட் பண்றது வேற. ஓட்டறது வேற."

போன விடுமுறையில் வாங்கிய கார் அது. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். அந்த விடுமுறை முழுக்க பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி ஓட்டினான். இப்போது அதே வண்டி சிக்னலில் துள்ளுகிறது, உறுமிவிட்டுத்தான் கியர் மாறுகிறது. மஸ்கட் லேபர் கேம்ப்பில் அவன் ஒரு வீடியோ பார்த்திருந்தான். இன்ஜினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓட்டுகிறவனின் கால் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து அது பழகிக்கொள்ளும், பிறகு அவன் குணத்துக்கே வண்டியும் வந்துவிடும் என்று அதில் ஒருத்தன் அடித்துச் சொன்னான். அதே கேம்ப் அறையில் ஊரில் இருக்கும் பெண்டாட்டிகளைப் பற்றிய கதைகளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் அவன் தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன.

"நான் பழக்கின வண்டி இது. இப்ப வேற எவனோ பழக்கி வச்சிருக்கான்" என்றான்.

ஸ்மிஜா உள்ளே போனாள். ஓட்டியது அவள்தான்.

அவன் போன பிறகு வந்த மழைக்காலத்தில் மகள் நிவேத்யாவுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. வெட்டி வெட்டி இழுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ஆட்டோவும் வராத ரோட்டில், நகர்த்தத் தெரியாத காரின் பக்கத்தில் அவள் நனைந்துகொண்டு நின்றாள். கடைசியில் மீன் வண்டிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளை பிழைத்தது. மழை விட்டதும் ஸ்மிஜா பரவூரில் ஓமனா நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், லைசென்ஸும் வாங்கினாள். அதன்பிறகு மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாமியார் கௌசல்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து பகவதி கோவிலுக்குப் போவாள், சில நாள் கடற்கரைக்கும் போவாள். கௌசல்யா கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்தவர்களைக் கண்டால் கையாட்டுவாள்.

புருஷனிடம் சொல்லாமல் இருக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. போனில் ஒரு தடவை, "நான் கார் ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று ஆரம்பித்தாள். "எதுக்கு? ரோட்ல போறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டவா?" என்று சிரித்தான். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

வண்டி துள்ளிய அன்றே சுனில்தாஸ் அவளையும் ஏற்றிக்கொண்டு பைஜுவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். பைஜு பள்ளியில் அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் சின்னக் கருவி ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியில் சொருகிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சேட்டா. போன மாசத்து மழையில பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போட்டேன். கரண்ட் நின்னா இது கத்து வச்சதெல்லாம் அழிஞ்சிடும். மறுபடி முதல்லேருந்து படிக்கணும். அதுக்கப்புறம் வண்டியும் அதிகமா ஓடலியா, பெட்ரோலும் பழசு. நாலு நாள் ஓட்டுங்க, அடங்கிடும்."

"அப்ப கத்துக்கும்னு நீயே ஒத்துக்கற."

"கத்துக்கும். எவ்வளவு காத்து, எவ்வளவு பெட்ரோல், கியரை எப்ப மாத்தணும்னு கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கும். அவ்வளவுதான். யாரு காலுன்னு அதுக்கு எங்க தெரியப்போகுது?"

"பேட்டரி செத்ததுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"சேச்சிதான் போன் பண்ணாங்க."

"ஓ. போன் நம்பரெல்லாம் இருக்கு."

பைஜு வேடிக்கையென்று நினைத்துச் சிரித்துவிட்டான். "போலீஸ் மாதிரி கேக்கறீங்களே சேட்டா!" சிரித்தபடியே ஸ்மிஜாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை சுனில்தாஸ் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய போனை வாங்கிக்கொண்டான். பைஜுவுக்குப் போன அழைப்புகளை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு ஸ்மிஜா அவன் எதிரே வந்து நின்றாள். பேசாமல் இருந்தால் பைஜுவின் தலையில் விடியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் ஓட்டினேன் ஏட்டா. லைசென்ஸ் வாங்கியிருக்கேன். அம்மாவக் கேளுங்க. எப்பவும் அம்மாவும்தான் கூட வருவாங்க."

கௌசல்யா பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் வந்து கேட்டபோது தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் எங்க வீட்ட விட்டு வெளிய போறேன்?"

"அம்மா!" என்றாள் ஸ்மிஜா.

கிழவியின் விரல்கள் இறாலின் ஓட்டை உரித்துக்கொண்டேயிருந்தன. மகனின் கோபத்தை அவள் தொட்டில் காலத்திலிருந்தே அறிவாள். அவன் அப்பனின் கோபத்தையும் வாங்கித் தின்றவள்.

"சரி, வா. ஓட்டிக் காட்டு" என்றான் சுனில்தாஸ்.

கடற்கரை ரோட்டில் அவள் ஓட்டினாள். முதலில் மெதுவாக உருட்டினாள். பாலம் தாண்டியதும் வேகம் எடுத்தாள். குறுக்கே வந்த ஆட்டுக்கு வேகம் குறைத்தாள், லாரிக்கு ஒதுங்கினாள், வளைவில் ஹாரன் அடித்தாள். வண்டி இரண்டொரு தடவை துள்ளியபோதும் பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சீட்டில் சாய்ந்துகொள்ள, அவளுக்குள் அசட்டுத்தனமாக ஒரு நம்பிக்கை முளைத்தது. 'நல்லா ஓட்டறியே' என்று சொல்லிவிடுவானோ? எல்லாம் இத்தோடு முடிந்துவிடுமோ?

"யாரு கத்துக் குடுத்தா?" என்றான்.

"ஓமனா சேச்சி. பரவூர்ல ஸ்கூல் வச்சிருக்காங்க. இப்பவே வேணா போய்க் கேக்கலாம்."

"பொம்பள சொல்லிக்குடுத்து இந்த மாதிரி ஓட்ட வராது."

"ஏட்டா, என் தலைமேல சத்தியமா..."

"ஓரமா நிறுத்து."

இடம் மாறி உட்கார்ந்தான். அவள் கெஞ்சக் கெஞ்ச வண்டி நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றது. பைஜு ஒரு ஜீப்பின் பானெட்டுக்குள் குனிந்து, ஒரு கையை விளிம்பில் ஊன்றி, ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். சுனில்தாஸ் இறங்கி, காரின் டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தான். "வந்துட்டீங்களா சேட்டா, இன்னும் துள்ளுதா?" என்று பைஜு கேட்டு முடிப்பதற்குள் ஊன்றியிருந்த கையில் முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியும் அதே கையில்தான். மூன்றாவதற்கு ஓங்கியபோது எதிர்ச் சாரியிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பிடித்தார்கள். ஸ்மிஜா கார் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கூடியவர்கள் அடிபட்டவனைப் பார்த்தார்கள், அடித்தவனைப் பார்த்தார்கள், பிறகு எல்லாருமே அவளைப் பார்த்தார்கள். அதற்குள் அவர்களாகவே ஒரு கதையைக் கட்டி முடித்திருந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு கௌசல்யா வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அவதான்டா ஓட்டினா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். பகவதி மேல ஆணை" என்று அழுதாள்.

அவன் அம்மாவின் கையை முழங்காலிலிருந்து எடுத்துவிட்டான். "உங்களையும் பேச வச்சுட்டா, பாத்தீங்களா?" என்றான்.

ஜாமீனில் வந்தவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் காரை எடுத்தால் கடற்கரை ரோட்டில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டேயிருந்தான். வண்டி துள்ளல் அடங்கி, பைஜு சொன்னபடியே சாதுவாகிவிட்டது. "இப்ப பாத்தியா, என் காலுக்கு வந்துடுச்சு" என்று மகளிடம் சொன்னான். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அன்று சாயங்காலம் அவன் ஸ்மிஜாவின் லைசென்ஸை அவள் கண்ணெதிரே இரண்டாக வெட்டிப் போட்டான்.

இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து அவளுடைய அண்ணன் போனில், "கொஞ்ச நாள் வந்து இரு. ஆனா, ஊர்ல என்னென்னமோ பேசறாங்க ஸ்மிஜா... உன் அண்ணியோட தங்கச்சிக்கு வரன் பாத்துட்டிருக்காங்க. அதையும் யோசிச்சுக்க" என்றார். பிள்ளையின் உடுப்புகளையும் தன் உடுப்புகள் சிலவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, சுனில்தாஸ் காரோடு வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவள் வீட்டை விட்டு இறங்கினாள். கௌசல்யா வாசல் வரை வந்தாள். ஸ்மிஜா திரும்பிப் பார்க்கவில்லை.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போகாமல் முதலில் திருச்சூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பைஜுவின் விரல்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள், மீதியும் மடங்காது என்று கேள்விப்பட்டிருந்தாள். வார்டு வாசலில் அவனுடைய மனைவி ரஜனி வழிமறித்து நின்றாள். கையில் கஞ்சித் தூக்கு.

"ரஜனி, அவனை ஒரு தடவை பாத்துட்டு..."

"பாத்து?"

"என்னாலதான் இப்படி ஆச்சு. ஆனா சத்தியமா நீங்க நினைக்கற மாதிரி..."

"நான் என்ன நினைக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" ரஜனி குரலை உயர்த்தவில்லை. "அப்படி ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளை எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க இந்த வாசல்ல நிக்கறத நாலு பேர் பாத்தா, இருந்ததுன்னு ஆயிடும். புரியுதா? தயவு பண்ணிப் போங்க சேச்சி."

உள்ளேயிருந்து பைஜுவின் குரல், "யாரது?" என்று கேட்டது.

"யாருமில்ல" என்றாள் ரஜனி.

ஸ்மிஜா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே வெயில் சுட்டது. பிள்ளை பசிக்கிறது என்றது. ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரிஞ்ஞாலக்குடா பஸ் வந்ததும் பின்வாசலில் ஏறினாள். ஜன்னலோரம் இடமிருந்தது. பிள்ளை எண்ணெய்க் கையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டு, "மாமா வீட்ல எத்தனை நாள் இருப்போம்மா?" என்று கேட்டது.

"சாப்பிடு" என்றாள் ஸ்மிஜா. பஸ் கிளம்பியது.