நல்லம்மாளின் சந்தேகம்

குஞ்சம்மாள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளை நம்பாமல் முதுகையும் சாய்த்து நின்றுகொண்டாள். புதுச்சத்திரத்தில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் நாலு பேர் காரணம் கேட்பார்கள்; அந்த நாலு பேரில் முதல் ஆள் வழக்கமாகக் குஞ்சம்மாள்தான்.

உள்ளே கட்டிலில் அவளுடைய அக்காள் நல்லம்மாள் கிடந்தாள். பொழுது சாயும்வரை தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காள் புருஷன் வெள்ளியங்கிரி துணிமூட்டைக்குள் கைவிட்டு ஒரு சீமைப் புட்டியை எடுத்தார். அடியில் இரண்டு விரற்கடை பிரெஞ்சு தேசத்துப் பிராந்தி. ஏற்காட்டு பங்களாவில் பட்லராக இருந்தவருக்கு, துரை கப்பலேறும்போது கொடுத்தது. சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து வருஷம் ஒன்றாகிறது, பிடிபட்டால் விலங்குதான்.

கேட்டது நல்லம்மாள். "ஏனுங்க, தொரைமாருங்க குடிக்கிறாப்புலயே எனக்கும் குடுங்க. அதுல என்னதான் இருக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்."

அவளுக்கு வேண்டியது பிராந்தி இல்லையென்று தங்கைக்குத் தெரியும். துளிகூடத் தொடமாட்டேன் என்று திருச்செங்கோட்டு மலையில் சத்தியம் செய்த பிறகே வெள்ளியங்கிரிக்குப் பெண் கொடுத்தார்கள். ஆனாலும் புட்டிகளுக்கு நடுவே பிழைக்கிறவன் நாக்கு சும்மா இருக்குமா என்று ஊர் கேட்டது. ஊருக்கு அடியெடுத்துக் கொடுத்ததே குஞ்சம்மாள்தான். லீவில் வரும்போதெல்லாம் நல்லம்மாள் அவர் வாயருகே மூக்கை நீட்டுவாள். ஒரு நாளும் வாசம் வரவில்லை. சந்தேகமும் போகவில்லை. சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரி கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி உள்ளங்கையில் ஏந்தினார்.

"அவசரப்படாத அம்மிணி. மொதல்ல கைச்சூடு ஏறோணும். பொறவு மூக்கச் சித்த தள்ளி வெச்சு மோந்து பாக்கோணும். என்ன வாசம் வருது?"

"காஞ்ச திராச்ச... பழைய மரப்பொட்டி..."

"அதேதான்! தொரையும் அப்படித்தான் சொல்லுவாரு. இப்ப ஒரு சொட்டு. உடனே முழுங்கீராத, நாக்குல உருட்டோணும்."

உருட்டினாள். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடியவள், மூடியபடியே கேட்டாள்: "இத்தன வெவரமும் குடிக்காமயா வந்துச்சு?"

கதவருகே குஞ்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"தட்டப் புடிச்சுட்டுப் பொறத்தால நின்னவன் நானு. காதுல கேட்டதோட சரி," என்றார் அவர்.

"அப்ப நீங்களும் ஒரு வாய் குடிங்க. எனக்காவப் பண்ணுன சத்தியம். நானே அவுத்து உடறேன்."

அவர் கொழுந்தியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த முறையெல்லாம் மறந்து, கஷாயம்போல மடக்கென்று கவிழ்த்துக்கொண்டார். முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. இருமல், கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். "அய்யோ, நாக்கு வெந்து போச்சு!" என்று துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு குதித்தார்.

நல்லம்மாள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது.

"பாத்தியாடி குஞ்சு, உங்க மாமன?"

"பாத்தேங்க்கா."

பொழுது சாய்வதற்குள் நல்லம்மாள் போய்விட்டாள். பிராந்தி வாசம் தெரியாமல் வெற்றிலையை இடித்து அக்காள் வாயில் வைத்தவள் குஞ்சம்மாள்தான். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அங்கமுத்து, வெள்ளியங்கிரியிடம் குனிந்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பொண்டாட்டி செத்த ஊட்டுலயுமா? குஞ்சு, நீ சொன்னது நெம்பச் சரி."

குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அக்காள் குடித்ததையும் சொல்ல வேண்டும். ஊரில் இதைவிடப் பெரிய சேதி அவளுக்கு வாய்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

புழக்கடையில் தனியாக நின்றவரிடம் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"வாயக் கொப்புளிச்சுருங்க மாமா. ஆளுக மோந்து பாக்கறாங்க."

"வேண்டாஞ் சாமி. அவ குடுத்தது, இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். குஞ்சம்மாள் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு, வெறும் சொம்போடு உள்ளே போனாள்.