இறக்கி வைக்க ஒரு கை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலைக்கதை எழுத உட்கார்ந்திருக்கும் எனக்கு மலை தெரியாது. என் ஆயுளில் நான் ஏறிய ஆக உயரமான இடம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. அதிலேயே தலை சுற்றி, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கொடுத்தவன் நான். ஊரையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு நான் மட்டும் எங்கும் போகவில்லை.

1974 ஐப்பசியில் ஒரு நாள் காலை, என் ஜன்னலுக்கு வெளியே ஒரு கழுத்து வந்து நின்றது. ஜன்னல் தாழ்வானது, கழுத்துக்கு மேலே இருந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"மலைக்கு ஒண்ணு குடுங்க சார்."

"மலைக்கெல்லாம் டிக்கெட் கிடையாதும்மா. ஊர் பேரைச் சொல்லு."

"மதுர. அங்கேர்ந்து பஸ்ஸாம்."

"கொஞ்சம் குனிஞ்சு பேசு. முகமே தெரியலை."

"தலையில பெட்டி கீது சார். இறக்குனா ஏத்த ஆளில்ல."

டிக்கெட்டை நீட்டினேன். கை வந்து வாங்கிக்கொண்டது. கழுத்து நேராகத் திரும்பிப் போனது. கதை அங்கேதான் பிறந்தது. ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் எழுத வாய்த்திருக்கிறது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். இரண்டைக் கிழித்தேன். ஒன்று இதோ:

மலை, மேகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்

(இதோடு நிறுத்திவிட்டேன். காரணம், கழுத்துக்குச் சொந்தக்காரி சகாயமேரி. வேலை ஓய்ந்து நான் சொந்த ஊரான மண்ணூருக்கே குடிவந்தபோது, அவள் வீடு என் வீட்டுக்கு மூன்றாவது வீடு என்று தெரிந்தது. எழுதுவதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்பாள். இதைக் கேட்டதும், "ஈரத்துணிய எவனாச்சும் போத்திகினு தூங்குவானா டிக்கெட் சார்?" என்றாள். மேகம் போய்விட்டது.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். சகாயமேரிக்கு ஒரே தங்கை, செல்வமேரி. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். மதுரைக்கு மேற்கே, மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வளைகாப்பு. பிறந்த வீட்டு வளையல்தான் முதலில் கையில் ஏற வேண்டும். செல்வமேரியின் மாமியார் அந்தோணிமேரி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: இவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கா வராது. தங்கை அதைக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அழுதேன் என்று எழுதவில்லை. அந்த வரியில் மட்டும் மை கலங்கியிருந்ததாம்.

பெட்டி என்றது டிரங்குப் பெட்டி. உள்ளே வைக்கோலில் பொதிந்த நான்கு டஜன் கண்ணாடி வளையல், ஒரு புடவை, முறுக்கு, அதிரசம், கலந்த சோற்றுக்கு ஒரு ஜாடி புளிக்காய்ச்சல்.

3

அடிவாரத்தில் பஸ் இல்லை. மழையில் ரோடு சரிந்துவிட்டது. பழைய குதிரைப்பாதையில் தபால் பையை முதுகில் கட்டிக்கொண்டு சுப்பன் என்ற தபால்காரர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெயில் நாளில் இரண்டு நாள் நடை. செவ்வாய்க்கிழமை காலை அவர் பின்னால் இவளும் கிளம்பினாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தாள். மலை என்பது ஏரிக்கரை மாதிரி, கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஊர் வந்துவிடும். முதல் மேட்டின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்தாள். அதைவிடப் பெரிய மேடு நின்றது.

"இன்னாண்ணே, இன்னொண்ணு கீது?"

"இன்னும் ஆறு கெடக்கு தாயி."

"மொதல்லியே சொல்றதில்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்துகினுதான் இருப்பேன். திட்டிகினே வந்திருப்பேன்."

அந்தப் பக்கத்தில் யாரும் தலையில் சுமப்பதில்லை. "மொதுகுல கட்டிக்க தாயி. தலையில வச்சா மரக்கெளை தட்டிவிட்டுரும்," என்றார் சுப்பன்.

"மொதுகுல வச்சா உள்ள கீறது இன்னா ஆவுதுன்னு எனுக்கு எப்டி தெரியும்? தலையில வச்சாதான் காதுல கேக்கும்."

கிளை வந்தால் அவள் குனியவில்லை. முதுகு நிமிர்ந்தபடியே முழங்கால் இரண்டையும் மடக்கிக் கீழே இறங்கி, கிளையைக் கடந்து எழுந்தாள். அப்படி நாளொன்றுக்கு நானூறு முறை. (எண்ணிக்கை என்னுடையது. "நீங்க எண்ணுனீங்களா?" என்று கேட்டாள். ஆயிரம் என்று எழுதியிருந்ததைக் குறைத்தேன்.)

சாயங்காலம் கூரை கண்ட இடத்தில் சுப்பன் ஒரு கை கொடுத்து இறக்குவார். காலையில் ஒரு கை கொடுத்து ஏற்றுவார். மழை விடவில்லை. மூன்றாம் நாள் தபால் பைக்குள் தண்ணீர் இறங்கி விலாசமெல்லாம் கரைந்து, எந்தக் கடிதமும் யாருக்கும் உரியது என்று ஆகிவிட்டது. எஸ்டேட்டில் அதற்கப்புறம் மூன்று கல்யாணம் ஆள் மாறி நடந்து, மூன்றும் சுகமாக இருக்கின்றன.*

* சகாயமேரி: "இதுக்கு நான் பொறுப்பில்ல."

4

சனிக்கிழமை நடுப்பகலில் ஒரு காட்டாறு. குறுக்கே ஒரு மரம் போட்டிருந்தது. சுப்பன் காலை வைக்கப் போனார்.

"அண்ணே, நில்லு. அந்த ஓரத்துல ஒரு குச்சி நடு."

"எதுக்கு?"

"நடு, சொல்றேன்."

ஏரி நிரம்பும் நாட்களில் எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நடுவார்கள். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணை நம்பமாட்டார்கள், குச்சியை நம்புவார்கள். சுப்பன் சிரித்துக்கொண்டே நட்டார். ஒரு பீடி நேரத்தில் குச்சி முழுகிப்போனது. இன்னொரு பீடி நேரத்தில் மரமும் போனது.

சுப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேலே எங்கேயோ ஒரு பழைய பாலம் உண்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனார். பெட்டியை இறக்கிவிட்டுப் போகவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்த இடத்தில் அவளைச் சந்தேகப்பட்டேன். வேண்டாம் என்பாளா ஒருத்தி? நேரில் கேட்டேவிட்டேன்.

"இறக்கிட்டா ஏத்தறதுக்கு அவரு திரும்பி வரணுமே. வருவாருன்னு இன்னா நிச்சயம்? காலு வழுக்குனா போச்சு. நின்னுகினு இருந்தா, தண்ணி வடிஞ்சதும் நான்பாட்டுக்கும் போலாம்."

நடுப்பகலிலிருந்து இருட்டுகிற வரை, கொட்டுகிற மழையில், தலையில் பெட்டியோடு, குச்சி இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் பொய் சொல்லிப் பழகியவன். இதில் சேர்க்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பாலமும் இல்லை என்று சுப்பன் திரும்பியபோது குச்சி தலையை நீட்டியிருந்தது. தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் கை கோத்து இறங்கினார்கள். நட்டாற்றில் அவள் கால் ஒரு கல்லில் இடறியது. பெட்டிக்குள் ஒரு சத்தம். வளையலோடு வளையல் இடித்ததா, உடைந்ததா? ஐந்து நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கே பிடிபடவில்லை.

5

முடிவு மூன்று எழுதினேன்.

(அ) பூசை முடிகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறாள். ஒன்றுகூட உடையவில்லை. அந்தோணிமேரி வெட்கப்பட்டுத் தலைகுனிகிறாள். ("அவளா? பொறந்ததுலேர்ந்து பட்டதில்ல," என்றாள் சகாயமேரி.)

(ஆ) பிந்திப் போகிறாள். இரவல் வளையல்கள் தங்கையின் முழங்கை வரை ஏறிவிட்டிருக்கின்றன.

(இ) நேரத்துக்குப் போய்விடுகிறாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் தூள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. படித்துக் காட்டினேன். அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணும் நல்லாத்தான் கீது," என்றாள். "ஆனா மூணுலயும் பெட்டி தரையில கீதே, யார் இறக்குனது?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

6

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தபாலாபீஸ் திருப்பத்துலயே அண்ணன் பிரிஞ்சி பூட்டாரு. வாசப்படியில நான் மட்டும் நிக்கிறேன். வூடு முச்சூடும் ஜனம். அல்லாரும் பெட்டியத்தான் பாக்குறாங்க. ஒருத்தி எந்திரிக்கல. மணையில குந்திகினு இருந்த என் தங்கச்சி, அந்த வயித்த தூக்கிகினு எந்திரிச்சு வந்தா. பெட்டிய ஏறெடுத்தும் பாக்கல. பின்னாடி வந்து என் கழுத்து மேல கைய வச்சா. 'எரியுதாக்கா?'ன்னா."

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தக் கழுத்தை ஒரு முழ தூரத்தில் பார்த்தவன் நான். சில்லறை சரியாக இருக்கிறதா என்றுதான் எனக்குக் கவலை.

"அவ கையில வளையல் ஏறியிருந்துச்சா, வெறுங்கையா?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? கை என் பின்னாடி கீது."

"சத்தமாவது கேட்டிருக்குமே."

"மழ சார்."

"அப்புறம்?"

"அப்புறம் அது எங்க வூட்டு விசயம்." கடலைத்தோலை முறத்தோடு வெளியே கொட்டிவிட்டு வந்தாள்.

ஆகவே என் கதை வாசற்படியில் நிற்கிறது. தங்கை நிறைமாதக்காரி, தூக்கக் கூடாது. சுப்பன் போய்விட்டார். மற்றவர்கள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. நான் அன்றைக்கும் ஜன்னலுக்கு உள்ளே, இன்றைக்கும் உள்ளே. நீங்கள் வெளியே இருக்கிறீர்கள்.

கொஞ்சம் கிட்டே வந்து ஒரு பக்கம் பிடியுங்கள். மெதுவாக. உள்ளே கண்ணாடி.